ரொட்டியும் வரிசையும்

டிசம்பர் 25 வந்தால் எனக்கு கிறிஸ்துமஸ் கேக்குக்கு முன்னால் மாஸ்கோ விடுதியின் கறுப்பு வெள்ளை டிவிதான் ஞாபகத்துக்கு வரும். 1991. சோவியத் ஒன்றியத்தின் அதிபர் கோர்பசேவ் பதவி விலகுவதாகப் பேசி முடித்தார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. நாங்கள் நாலு தமிழ்ப் பையன்கள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தோம். சரித்திரம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பரீட்சை நடக்குமா என்பதுதான் கவலை.

சரித்திரம் ஜனவரி 2-ஆம் தேதி கடைக்குப் போனபோதுதான் உறைத்தது. அன்றுதான் அரசின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள், விலைகள் ஏறின. அதுவரை காசு இருந்தது, கடையில் சரக்கு இல்லை. அப்புறம் சரக்கு வந்தது, வாங்கக் காசு இல்லை.

விடுதி வாசலில் காவலுக்கு உட்காரும் பாட்டி, தன் சாவுச் செலவுக்கென்று சேமிப்பு வங்கியில் 3,000 ரூபிள் போட்டு வைத்திருந்தார். 1992 கடைசியில் ஒரு டாலர் 400 ரூபிளைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு டாலர்! அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றபோது, அவற்றில் பங்கு வாங்கிக்கொள்ள, தனியார்மயப் பங்குச் சீட்டு என்று ஆளுக்கு 10,000 ரூபிள் மதிப்புப் போட்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அது இரண்டு வோல்கா காருக்குச் சமமாகும் என்றார் அமைச்சர் சுபைஸ். பலர் அதை வோட்காவுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பழைய ஆட்சிக்காக நான் அழமாட்டேன், அதன் ரொட்டி வரிசைகளில் நின்றவன். ஆனால் ஒரு நாள் மெட்ரோ வாசலில் அந்தப் பாட்டி இரண்டு பீங்கான் கோப்பைகளைக் கையில் ஏந்தி விற்றுக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பி அடுத்த வாசல் வழியாக வெளியே போனேன்.