பின்னுக்குப் பதில் ஒரு கம்பித் துண்டு

எங்கள் சைட் ஆபீஸில் ஒரு ரிஸ்க் ரெஜிஸ்டர் இருக்கிறது, வேலையில் வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியல். நாற்பது வரி. பழைய ப்ராஜெக்டிலிருந்து காப்பி அடித்தது என்பதற்கு அத்தாட்சி, எங்களிடம் இல்லாத டவர் கிரேனுக்கு அதில் மூன்று வரி ஒதுக்கியிருப்பது. ஒவ்வொரு ஆபத்துக்கும் நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று ஐந்துக்கு மார்க் போட்டுப் பெருக்க வேண்டும். 15-ஐத் தொட்டால் சிவப்பு, சிவப்பு என்றால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அதனால் முதலில் பச்சை என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதற்குத் தோதான எண்களைத் தேடுவோம். நானும் அப்படிப் போட்டவன்தான்.

போன மாதம் இரண்டாவது மாடி ஸ்லாப். காலை ஆறு மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வருவதாக ஏற்பாடு. கம்பி கட்டியதைப் பார்க்க எல்லாரும் மேலே ஏறுவார்கள், சென்ட்ரிங்குக்கு, அதாவது காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகைக்கு, அடியில் யாரும் போவதில்லை, குனிந்தே நடக்க வேண்டும், இருட்டு வேறு. அன்று என்னவோ தோன்றி முந்தின நாள் சாயங்காலம் போன் டார்ச்சோடு உள்ளே போனேன். பலகையைத் தாங்கும் ஒரு இரும்பு முட்டில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களைப் பூட்டும் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் எட்டு எம்எம் கம்பித் துண்டு, இரண்டு முனையும் லேசாக மடக்கிவிட்டது. பக்கத்து முட்டிலும் அதே. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

மேஸ்திரியைக் கேட்டேன். "பின்னு தொலைஞ்சு போச்சு சார், எப்பவும் இப்படித்தான் போடுவோம், ஒண்ணும் ஆகாது." அவர் பொய் சொல்லவில்லை, அவர் அனுபவத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முட்டின் உள்குழாய் சுமக்கும் பாரம் மொத்தமும் அந்தப் பின் வழியாகத்தான் வெளிக்குழாய்க்கு இறங்குகிறது. 125 எம்எம் ஸ்லாப் என்றால் ஈரக் காங்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அதன்மேல் ஆட்கள், போதாததற்குப் பம்ப் குழாய் ஓரிடத்தில் குவித்துக் கொட்டும் குவியல். ரெஜிஸ்டரில் இதற்கு வரி இல்லாமல் இல்லை: "சென்ட்ரிங் சரிதல், 2 × 4 = 8, தகுதியான நபர் ஆய்வு செய்வார்." யார் அந்த நபர், எப்போது வருவார், எதைப் பார்ப்பார்?

எனக்கு உடனே அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் இருந்த ஹயாத் ரீஜென்சி ஹோட்டல்தான் ஞாபகம் வந்தது. லாபிக்கு மேலே ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாதைகள் இரும்புக் கம்பிகளில் தொங்கின. கூரையிலிருந்து ஒரே கம்பி இரண்டையும் தாங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போடுவது தொல்லை என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள்: மேல் பாதை கூரையிலிருந்து, கீழ்ப் பாதை மேல் பாதையின் உத்தரத்திலிருந்து. பாட்டி வீட்டு உறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கயிற்றில் இரண்டு முடிச்சு போட்டு ஆளுக்கொரு பானை வைத்தால், ஒவ்வொரு முடிச்சும் அதனதன் பானையை மட்டும் தாங்கும். கீழ்ப் பானையை மேல் உறியிலேயே கட்டிவிட்டால் மேல் முடிச்சுக்கு இரண்டு பானைப் பாரம். முதல் வடிவமே விதி கேட்ட பலத்தில் அறுபது சதவீதம்தான் தாங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது, அதிலும் சுமை இரட்டிப்பு. மாற்றிய வரைபடத்தில் இன்ஜினியர் முத்திரை விழுந்தது, யாரும் கணக்குப் போடவில்லை. 1981 ஜூலை 17, நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியிருந்த மாலையில் இரண்டும் இடிந்து விழுந்து 114 பேர் செத்தார்கள். அங்கேயும் யாரோ "சின்ன மாற்றம்தானே" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு வேறொரு சைட்டிலிருந்து பின் வந்தது, பதினொன்றையும் மாற்றிவிட்டு மறுபடி ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்த்தோம். காங்கிரீட் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது, ரெடிமிக்ஸ்காரரிடம் வாங்கிய திட்டு தனி. அந்த எட்டு மார்க் வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "முட்டுப் பின்னுக்குக் கம்பித் துண்டு கூடாது. முந்தின நாள் மாலை, அடியில் போய், ஒவ்வொன்றாக." பக்கத்தில் என் பெயர்.

அப்படியே அந்த டவர் கிரேன் வரிகளையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது டெம்ப்ளேட்டாம், கை வைக்கக் கூடாதாம்.