காட்டாமணக்கின் மேல் பூத்த பூ சோனா

பூ சோனா என்னும் சர்க்கரைவள்ளிக் கொடி ஒருவழியாகப் பூத்துக் காய் பிடித்து, விதையும் தந்துவிட்டது. திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தின் இந்த ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி உண்டு. வழக்கமான ரகங்களில் அது 2 முதல் 3 மில்லிகிராம்தான். ஆனால் ஆரஞ்சு நிறம் கூடக்கூட மாவுத்தன்மை குறைவது இப்பயிரில் பொதுவாகக் காணப்படும் இயல்பு. அதனால்தான் அவித்தால் வெடித்து உதிரும் நாட்டுச் சிவப்புத்தோல் கிழங்கோடு இதைக் கலக்க விரும்பினேன். நாட்டுக்கொடி மார்கழியில் பூத்துக் குலுங்கியது. பூ சோனாவோ என் மொட்டைமாடியில் ஒரு மொட்டுக்கூட வைக்கவில்லை.

பூக்க மறுக்கும் கொடிகளை, சர்க்கரைவள்ளியின் பேரினமான ஐப்போமியாவின் வேறோர் இனத்தின் மேல் ஒட்டுக்கட்டுவது ஆராய்ச்சி நிலையங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். நம் ஏரிக்கரைகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதன் வேர் கிழங்கு வைக்காததால் இலைகள் ஆக்கும் சர்க்கரை மேலேயே தங்குகிறது. பூப்பதற்கான சமிக்ஞையும், கீழே வேரோடு நிற்கும் இந்த அடிச்செடியின் இலைகளிலிருந்து ஒட்டைத் தாண்டி ஏறுகிறது. ஆகவே அடிச்செடியின் இலைகளை முழுவதுமாக உருவிவிடக் கூடாது. நான்கைந்தை விட்டுவைத்து, புதுத் துளிர்களை மட்டும் கிள்ளிவர வேண்டும்.

ஒட்டுக்கட்டும்போது நம்மை மிகவும் சோதிப்பது பால்தான். வெட்டிய நொடியில் இருபுறமும் பால் கசிந்து, வெட்டுவாய்மேல் ஆடைபோலப் படிந்துவிடும். அதன்மேல் கட்டினால் திசுக்கள் கூடுவதில்லை. வெட்டிய தண்டை ஈரத்துணியால் ஒற்றி, பால் வடிந்து ஓயும்வரை காத்திருந்து, அதன்பின் புதுப் பிளேடால் மெல்லிய ஒரு சீவலை எடுத்துவிட்டு ஆப்புபோல் சீவிய பூ சோனாத் தண்டை உடனே செருகியபோதுதான் ஒட்டு பிடித்தது. காட்டாமணக்கின் முதிர்ந்த தண்டு உள்ளே குழலாகிவிடும் என்பதால், பென்சில் பருமனுள்ள இளந்தண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே பாலித்தீன் உறை, கீழே முழு நிழல். நாடாவைப் பொறுத்தவரை, சாதாரண பிளாஸ்டிக் நாடா தண்டை நெரித்துவிடுகிறது. விலை கூடினாலும் இழுபடும் மெழுகு நாடாவே மேல்.

மகரந்தச் சேர்க்கையை விடியலில், பூ விரியும் வேளையிலேயே முடித்துவிட வேண்டும். முற்பகலுக்குள் பூ வாடிவிடும். முந்தைய மாலையே மொட்டின் மகரந்தப் பைகளை அகற்றி, தேனீ நுழையாதபடி நூலால் கட்டிவைத்தேன். சர்க்கரைவள்ளி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே ரகத்தின் கொடிகள் எத்தனை இருந்தாலும் மரபளவில் அவை ஒரே செடி என்பதால், அவற்றுக்குள் காய் பிடிப்பதில்லை. காயில் 4 விதைகள்வரை இருக்கலாம் என்றாலும் எனக்குப் பெரும்பாலும் ஒன்றே கிடைத்தது. அந்த விதையுறையும் கல்போன்றது. விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் சிறிது கிள்ளி ஊறவைத்ததும் முளைத்தன.

இதற்காக இவ்வளவு பாடுபடலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த நாற்றுகளையே காட்டுவேன். சர்க்கரைவள்ளியில் 15 குரோமோசோம்கள் கொண்ட தொகுதிகள் ஆறு, மொத்தம் 90. ஆகையால் ஒரு நாற்றுப்போல் இன்னொன்று இராது. ஒரே தாய்க்குப் பிறந்தவற்றுள் ஒன்று இதய வடிவில் இலை விடுகிறது, மற்றொன்று விரல்விரலாகப் பிளந்த இலை விடுகிறது. தன் மரபணுக்களைச் செடிகளுக்குள் புகுத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரியின் மரபணுக்களும் இவற்றுள் இருக்கின்றன. 2015இல் வெளியான ஆய்வில், சோதித்த 291 பயிரிடப்படும் சர்க்கரைவள்ளி மாதிரிகள் அனைத்திலும் அவை கண்டறியப்பட்டன. மனிதக் கை படாமல் இயற்கையே செய்த மரபணு மாற்றம் இது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நாற்றுகள் கிழங்கு வைக்கும் முன்பே அடுத்த கலப்பில் மனம் போய்விட்டது. ஊதாச் சதை கொண்ட பூ கிருஷ்ணாவை மகரந்தம் தரும் கொடியாக்க எண்ணுகிறேன். இணையத்தில் ஒரு விற்பனையாளர் ஊதாக் கொடி என்று அனுப்பியது வெள்ளைக் கிழங்கு வைத்து ஒரு பருவத்தையே வீணாக்கியதால், இம்முறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே கொடி வாங்குவேன். சர்க்கரைவள்ளியின் நெருங்கிய காட்டு உறவான ஐப்போமியா டிரைஃபிடா அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. தாவரத் தனிமைக் காப்பு விதிகளைத் தாண்டி அதை வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவர இயலாது. அதே பிரிவைச் சேர்ந்த ஐப்போமியா டிரைலோபா தென்னிந்தியாவில் களையாகவே முளைக்கிறது. அதற்கு 30 குரோமோசோம்களே உள்ளதால் நேரடிக் கலப்பு அநேகமாகக் கைகூடாது. ஆயினும் அடுத்த மழைக்காலத்தில் அதன் விதையைச் சேகரித்து, பூ சோனாவுக்கு அடிச்செடியாக ஆகுமா என்று பார்க்கப்போகிறேன்.