பத்தடி வம்சாவளிப் படத்தை பிடிஎஃப் ஆக்கும்போது

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எல்லாரும் கூடும்போது வகையறா மொத்தத்தையும் ஒரே பேனரில் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இது. இலவச வம்சாவளி மென்பொருளான கிராம்ப்ஸை வைத்துச் சொல்கிறேன்.

பெரும்பாலானோர் தாள் அளவில் ஆரம்பித்து மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்திலிருந்து ஆரம்பித்தால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல்தான். இரண்டு மூன்றடி தள்ளி நின்று வாசிக்க 18 பாயிண்ட் வேண்டும். ‘ஆவுடையம்மாள்’ என்ற பெயர் அந்த அளவில் சுமார் 5 செ.மீ. பிடிக்கும். அதனால் கட்டம் 6 செ.மீ., இடைவெளி 1 செ.மீ. பெரிய வரிசையில் 40 கட்டம் என்றால் 280 செ.மீ. ஃப்ளெக்ஸில் ஓரம் மடித்து ரிங் அடிப்பார்கள், அதற்குப் பக்கத்துக்கு 6 செ.மீ. விட்டால் 292. பத்தடி என்பது 305 செ.மீ., சரியாகப் போயிற்று. உயரத்துக்கு ஆறு தலைமுறை, கட்டம் 3.5, ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுவில் 5, தலைப்புக்கு 15, ஓரத்துக்கு 12 என்று கூட்டினால் 73 செ.மீ. மூன்றடி, அதாவது 91 செ.மீ. போட்டால் மிச்ச இடத்தில் குலசாமி படம் வைக்கலாம்.

கிராம்ப்ஸில் வரைபட அறிக்கைகளில் சந்ததி மரத்தைத் திறந்து, பேப்பர் ஆப்ஷன்ஸில் ‘கஸ்டம் சைஸ்’ எடுத்து 305, 91 என்று கொடுங்கள். ‘ரீசைஸ் பேஜ் டு ஃபிட் ட்ரீ சைஸ்’ என்பதை டிக் செய்தால் நீங்கள் கொடுத்த அளவு செல்லாது, மரத்துக்கு ஏற்றபடி அதுவே தாளை நீட்டும். முதல் தடவை அதை டிக் செய்து ஓட்டி, இயல்பாக எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு எடுத்துவிடுவது நல்லது. ‘பக்கத்துக்குள் சுருக்கு’ என்ற தேர்வைத் தொடாதீர்கள். கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்ட 18 பாயிண்ட் சத்தமில்லாமல் 9 ஆகிவிடும்.

நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய பிடிஎஃப் கணக்கில் ஒரு பக்கம் 14,400 பாயிண்ட், அதாவது 200 அங்குலம். 16 அடி 8 அங்குலம். 1.6 பதிப்பில் இதைத் தாண்ட வழி வந்தாலும், எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை. இருபதடி வேண்டுமென்றால் பாதி அளவில் செய்து, ‘இரண்டு மடங்கு’ என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கோடும் எழுத்தும் மங்காது. போட்டோ மட்டும் 150 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) பதில் 300-ல் இருக்க வேண்டும். முழு அளவில் என்றால் 4-க்கு 5 செ.மீ. போட்டோவுக்கு 236-க்கு 295 பிக்சல் போதும். செல்போனில் எடுத்ததை அப்படியே இருநூறு செருகினால் கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் திறக்கவே திறக்காது.

இனிமேல்தான் முக்கியமான தலைவலி. உங்கள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரிந்த பிடிஎஃப், கடையில் போனதும் “அண்ணாச்சி, எழுத்தெல்லாம் ஒடஞ்சிருக்கே” என்பார்கள். பிடிஎஃப் மேல் தப்பில்லை. கடையில் அதைக் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திருத்துவதற்காகத் திறக்கிறார்கள். அப்போது எழுத்துகள் மறுபடி கோக்கப்படுகின்றன. ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு பழகிய கடைகளில் யூனிகோடுக்கு இந்தக் கதி அதிகம்.

எழுத்தைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் படமாக, மாற்றிக் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது. பிடிஎஃப்பை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறக்கும்போது வரும் பெட்டியில் ‘பாப்ளர்/கெய்ரோ’ இறக்குமதியைத் தேர்ந்தெடுங்கள். சாதா இறக்குமதி கோரல்டிரா செய்த அதே வேலையைச் செய்யக்கூடும். திறந்ததும் ஆவணப் பண்புகளில் 305, 91 செ.மீ. இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். இதற்குப்பின் பெயரைத் திருத்த முடியாது, மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். உறவுக் கோடு 2 பாயிண்டுக்குக் குறைந்தால் ஃப்ளெக்ஸில் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள்.

அக்கா மகளைக் கட்டியிருந்தால் அந்தப் பெண் பேத்தியாகவும் வருவாள், மருமகளாகவும் வருவாள். கிளை இரண்டு முறை வந்து அகலத்தைத் தின்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை ஓரிடத்தில் மட்டும் காட்டி, மற்ற இடத்தில் பெயரும் கட்ட எண்ணும் போதும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே சுடலைமுத்து நாலு தடவை வருவார். இரண்டாம் வரியில் ஊரைப் போடுங்கள். மாவட்டம் வேண்டாம். 1986-ல் தூத்துக்குடி, 2019-ல் தென்காசி என்று பிரிந்ததில் எந்த மாவட்டம் எழுதினாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

ஃப்ளெக்ஸுக்குக் கொடுக்கும் முன், அக்ரோபேட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் ‘போஸ்டர்’ எடுத்து, ஓவர்லேப் 1 செ.மீ. வைத்து, ஏ4-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடுங்கள். ஐம்பத்தைந்து தாள் பக்கம் ஆகும். திண்ணையில் பரப்பி, பெரியவர்கள் கையில் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுங்கள். ஃப்ளெக்ஸ் அடித்தபின் பிழை தெரிந்தால் ஸ்டிக்கர்தான் ஒட்ட வேண்டும், கோயில் வெயிலில் அது மட்டும் தனியாகப் பளபளக்கும்.