மூன்றாம் பால்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே மழை. வேளச்சேரியில் மழை என்றால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும், ஆனால் அன்றைக்கு அம்மாவுக்கு 68 வயது முடிந்த நாள், அப்பா போன பிறகு வந்த இரண்டாவது பிறந்தநாள், அதை வீட்டுக்குள்ளேயே கழிக்க எனக்கு மனசில்லை. "ரெண்டு தோசை ஊத்திச் சாப்பிட்டுட்டுப் படுப்போம்ட்டி" என்றவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

அது பெரிய ஓட்டல் எல்லாம் இல்லை. ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் ஆறு மேசை, மஞ்சள் பல்பு, அடுக்களைக்கு ஒரு துணித்திரை. உள்ளே போனதும் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை பொரியும் வாசனை, நனைந்த செருப்பைக் கழற்றுவதற்குள் முகத்தில் வந்து மோதியது. ஒரு சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள்: ஆப்பம், இடியப்பம், சொதி, இஞ்சிப் பச்சடி. அம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொதி எங்கள் திருநெல்வேலிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் வெந்து, இஞ்சி பச்சை மிளகாய்க் காரத்தோடு வெள்ளையாக இருக்கும். இலங்கையிலும் சொதி உண்டு, அது மஞ்சள் போட்டு, இன்னும் மெலிதாக, இடியப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்வது. எங்கள் ஊரில் இது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்து, அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம். அத்தனை தேங்காய்ப் பாலும் வயிற்றில் செரிக்க வேண்டாமா? அதற்குத்தான் இஞ்சி. உருளைக்கிழங்கு சிப்ஸும் இருந்தால் வேறெதுவும் கேட்கத் தோன்றாது.

ஆச்சி வீடு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஒன்றின் பின்னால், ஒரு சந்தில் இருந்தது. லீவுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை சொதிதான். காலை எட்டு மணிக்கே ஆச்சி துருவுபலகையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள், ஓட்டின் பழுப்பு துருவலில் விழக்கூடாது, விழுந்தால் பால் நிறம் மாறிவிடும் என்று அத்தனை கவனம். பெரியம்மா ஆட்டுரலில் ஆட்டுவாள். அம்மா வெள்ளை வேட்டித் துணியில் கட்டிப் பிழிவாள். முதல் பால் கெட்டியாக, ஒரு சொம்பு அளவுக்கு வரும், அதை யாரும் தொடக்கூடாது, மூடி போட்டு அலமாரியில் ஏறிவிடும். சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி ஆட்டினால் இரண்டாம் பால். அதற்கப்புறம் மூன்றாம் பால், அது என் வேலை. எட்டு வயதில் எனக்குக் கொடுத்த முதல் அடுக்களை வேலை அதுதான். கை வலிக்க வலிக்கப் பிழிந்து, "இனி வராது ஆச்சி" என்று சக்கையை நீட்டுவேன். ஆச்சி ஒன்றும் பேசாமல் அதே சக்கையை வாங்கி ஒரு முறுக்கு முறுக்குவாள், இன்னும் அரை டம்ளர் பால் வரும்.

காயும் பருப்பும் வேகிறது அந்த மூன்றாம் பாலில்தான். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயமும் பூண்டும். வெந்ததும் இரண்டாம் பால். கடைசியாகத்தான் அலமாரிச் சொம்பு கீழே இறங்கும், ஊற்றி நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது சூடு அடங்கிய பிறகு. அதுவரை ஆச்சி யாரையும் இலை போட விடமாட்டாள், நாங்கள் பசியில் முற்றத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்போம்.

ஆச்சி 2009ல் போய்ச் சேர்ந்தாள். வீடும் கைமாறிவிட்டது. அதன் பிறகு அம்மா சொதியே வைத்ததில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "ரெண்டு பேருக்கு, மூணு பேருக்கெல்லாம் சொதி வைக்க எனக்குத் தெரியாதுட்டி."

அன்றைக்கு ஆப்பம் வந்தது. ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சு மாதிரி. அம்மா ஆப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்தாள், வாயில் வைத்தாள், அப்படியே நிறுத்திவிட்டாள். கிண்ணத்தை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து எனக்குக் காட்டினாள். ஓரத்தில் பால் லேசாகத் திரிந்து, பொடிப்பொடியாக நின்றது. "அடுப்புல இருக்கும்போதே எலுமிச்சம்பழம் விட்டிருக்காங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"எங்க கல்யாணத்துக்கு மறுநாளும் திரிஞ்சுதான் போச்சு" என்றாள்.

எனக்கு இது தெரியவே தெரியாது. 1979ல் நடந்தது. சமையலுக்கு வந்தவர் முதல் பாலை ஊற்றிவிட்டு வெற்றிலை போட வெளியே போயிருக்கிறார், பெரிய உருளி, திரும்பி வருவதற்குள் கொதித்துப் பால் தனி, தண்ணி தனி. பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தாகிவிட்டது. ஆச்சி பின்கட்டில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். வேறு வழியில்லாமல் அதையே பரிமாறினார்கள். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், அதுவரை சொதியைக் கண்ணால் பார்த்ததில்லை, இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆச்சி கதவோரம் நின்று அதைப் பார்த்தாளாம். மறு வருஷம் நல்ல சொதி வைத்தபோதுதான் அப்பாவுக்கு விஷயமே புரிந்தது. "புரிஞ்ச பிறகும் அவர் ஒருத்தர்கிட்டயும் சொல்லிக் காட்டல பாத்தியா" என்றாள் அம்மா. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. கறுப்பு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், ஆச்சி போடும் கிடாரங்காய் ஊறுகாய், தாத்தாவுக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்கும் கூட்டாஞ்சோற்றின் அடி, எல்லாம் வந்தது. மழை நின்று பக்கத்து மேசைகள் காலியான பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. சமைத்தவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "எந்த ஊருக்கா?" என்று கேட்டார். அவருக்குக் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர்க்காரி, எங்களுக்கு அங்கிருந்து வரவழைத்த அப்பளம் இரண்டு பொரித்துக் கொடுத்தார். அம்மா எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பக்குவமாகச் சொன்னாள். "கூட்டம் வந்துட்டா ஆற விட நேரம் இருக்காதுக்கா" என்றார் அவர், அதுவும் நியாயம்தான். இஞ்சிப் பச்சடியை மட்டும் அம்மா கை நக்கிச் சாப்பிட்டாள், புளியும் வெல்லமும் அப்படி ஒரு அளவு. அதில் ஒரு பொட்டலம் கட்டியும் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தால் அடுக்களை மேடையில் மூன்று தேங்காய் உடைத்துக் கிடக்கிறது. வீட்டில் நாங்கள் இருப்பதே மூன்று பேர். "மேல் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் குடுத்துருவோம், வாட்ச்மேன் இருக்காரு" என்றாள். ஆட்டுரல் இல்லை, மிக்ஸிதான். முதல் பாலும் இரண்டாம் பாலும் அவளே பிழிந்துவிட்டு, துணியோடு சக்கையை என் கையில் கொடுத்தாள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறுக்கிப் பிழிந்தேன். "இனி வராதும்மா" என்றேன்.

அம்மா கையை நீட்டினாள்.