‘பணம் போட்டுட்டேன் அண்ணா’: நாணய ஏலத்தில் வராமல் போன 4,200 ரூபாய்

போன ஆடியில் நடந்தது. இன்னும் எரிச்சல் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் ஏலக் குழுவில் நான் ஏலத்துக்குப் போட்ட பொருள், 1862 விக்டோரியா ராணி ஒரு ரூபாய் வெள்ளி. அதே வருடத்தைப் போட்டே பல வருடங்கள் அடித்த நாணயம் அது. பம்பாய் அச்சு என்றால் பின்பக்கப் புள்ளிகளை எண்ணித்தான் நிஜ ஆண்டைப் பிடிக்க வேண்டும். என்னுடையதில் புள்ளிகள் தேயாமல் இருந்ததால் 4,200 வரை ஏறியது. எடுத்தவர் குழுவுக்குப் புதுசு.

ஞாயிறு (20.7.2025) இரவு ஏலம் முடிந்த கையோடு, யூபிஐயில் பணம் போட்டதாக அவரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது. பச்சை டிக், பெரிய எழுத்தில் தொகை, என் பெயர். மேலே மணி காட்டும் பட்டையை வெட்டியிருந்தார். தேதி வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிமன். என் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

“எனக்குக் கழிஞ்சிடுச்சு அண்ணா, சர்வர் பிரச்சினையா இருக்கும். நீங்க காலைல பார்சல் போட்டுடுங்க.”

போடவில்லை. அதற்குள் குழுவில் அவர் புலம்பல்: பணத்தை வாங்கிக்கொண்டு நான் இழுத்தடிக்கிறேனாம். அட்மின் அவர் பக்கம். “சின்னப் பையன் சார், அனுப்பி விடுங்க. வேணும்னா பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் போனைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. “48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க சார்.” கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், அந்தப் பக்கம் போட்டவர்தான் புகார் கொடுக்கணும் என்றார். அரை நாள் லீவில் கிடைத்த உருப்படியான தகவல் இது ஒன்றுதான். பணம் வரவேண்டியவர் தன் வங்கியில் போய் நிற்பது வெட்டி அலைச்சல். அனுப்பியவர்தான் தன் ஆப்பிலோ தன் வங்கியிலோ புகார் போட வேண்டும்.

நிஜமாகவே அவர் கணக்கில் கழிந்து என் கணக்கில் ஏறாமல் இருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி மறுநாளுக்குள் பணம் அவருக்கே திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதைச் சொல்லி, “புகார் போடுங்க தம்பி, உங்களுக்குத்தான் லாபம்” என்றேன். பேச்சு மாறியது.

யூடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் விழும் தனி எண், வங்கி அதை வைத்துத்தான் தேடும்) கேட்டேன். முதலில் எழுத்தில் தொடங்கும் ஏதோ ஒன்றை அனுப்பினார். அது ஆப் தனக்காகப் போட்டுக்கொள்ளும் எண், வங்கிக்கு உதவாது. யூபிஐ என்றால் 12 இலக்கம் வேண்டும். விடாமல் கேட்டதில் 5092 என்று தொடங்கும் ஒன்று வந்தது.

இங்கேதான் மாட்டினார். என் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் யூபிஐ எண்களைப் பாருங்கள்: முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் அது எத்தனையாவது நாள் என்பது. ஜூலை 20 என்றால் 5201 என்று தொடங்க வேண்டும். 5092 என்பது ஏப்ரல் 2. யாருக்கோ எப்போதோ போட்ட பணத்தின் எண்! (எல்லா ஆப்பிலும் இப்படித்தான் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சந்தேகப்பட இது போதும்.)

“ஏப்ரல்லயே எப்படித் தம்பி போட்டீங்க?” என்று குழுவிலேயே கேட்டேன். இரண்டு நீல டிக். பிறகு ஆள் குழுவிலேயே இல்லை. பணம் கைமாறாததால் போலீஸ் பக்கம் போகவில்லை. உங்கள் பணமோ பொருளோ போயிருந்தால் உடனே 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) அடியுங்கள்.

அடுத்த தலைவலி, இரண்டாவதாக நின்றவர். 4,100 கேட்டிருந்தார். அந்த விலைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னால், “அவன் வராம இருந்தா 3,400லயே முடிஞ்சிருக்கும் சார்” என்றார். குழுவில் பழைய மெசேஜ்களுக்குப் போய் ஏலத்தைப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. விலையை மேலே ஏற்றிவிட்டது முழுக்க அந்தப் போலி ஆள் கேட்ட விலைதான். 3,600க்குப் பேசி முடித்தோம். பணம் ஏறியதை ஸ்டேட்மென்ட்டில் பார்த்த பிறகே ஸ்பீடு போஸ்ட் போட்டேன். பேக் செய்வதற்கு முன் எடை போட்ட வீடியோவும் எடுத்து வைத்தேன்.

போன வாரம் வேறொரு ஏலக் குழுவில் அதே போன் எண், வேறு பெயர். அந்த அட்மினுக்கு எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பியிருக்கிறேன். “பார்க்கிறேன் சார்” என்று பதில் வந்திருக்கிறது.