சளி பிடித்த நாள்

ஆரியங்காவு மலைப்பாதை இறங்கி வரும் செங்கோட்டைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில், குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். சாரல் தொடங்கிவிட்டால், இருமலும் இழுப்புமாக வரும் பிள்ளைகளால் கட்டில்கள் நிறைந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறோம். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60, ஒரு வயது நிறையும் வரை 50, பிறகு ஐந்து வயது வரை 40 என்ற அளவைத் தொட்டாலே வேகமூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இதை எழுத யாரும் மறப்பதில்லை. நோய் தொடங்கிய நாளுக்கான கட்டம்தான் காலியாகக் கிடக்கிறது.

சேர்க்கை நாளை யாரையும் கேட்காமலே எழுதிவிடலாம். நோய் தொடங்கிய நாளைத் தாயின் அருகில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். "எப்பம்மா சளி பிடிச்சது?" என்றால் தேதி வராது. "கோயில் கொடை முடிஞ்ச மறுநாள் சிஸ்டர்" என்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வருபவர்கள் ஓணத்தை வைத்துச் சொல்வார்கள். அதைத் தேதியாக்கி எழுத இரண்டு நிமிடம் போதும். காய்ச்சலும் இருமலும் பத்து நாளுக்குள் தொடங்கி, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால்தான் கடும் சுவாசத் தொற்றுக் கண்காணிப்புக் கணக்கில் அந்தப் பிள்ளை வரும். தொண்டைச் சளி மாதிரியையும் முதல் சில நாள்களில் எடுத்தால்தான் வைரஸ் நன்றாகத் தெரியும். நாள் கடந்து எடுத்த மாதிரியில் 'இல்லை' என்று வந்தால், அதை அப்படியே நம்பிவிட முடியாது.

ஒருமுறை வயிற்றுப்போக்குக்காகச் சேர்ந்த எட்டு மாதக் குழந்தைக்கு ஏழாம் நாள் மூக்கொழுகி, மறுநாள் மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழத் தொடங்கியது. சேர்க்கை நாள் மட்டுமே எழுதியிருந்ததால், வீட்டிலிருந்தே கொண்டுவந்த சளியாக அது கணக்கில் ஏறியது. கைக்குழந்தைகளுக்கு மூச்சிழுப்பைத் தருவதில் முதன்மையான ஆர்.எஸ்.வி. வைரஸ், உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு நாள் ஆகும். அப்படியானால் பக்கத்துக் கட்டிலிலிருந்தோ, கை கழுவாமல் இரு பிள்ளைகளையும் தொட்ட எங்களில் ஒருவரிடமிருந்தோ அது பிடித்திருக்கலாம். அந்த ஒரு தேதி இருந்திருந்தால் அன்றைக்கே கட்டில்களைப் பிரித்துப் போட்டிருப்போம் என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது.

ஊரையும் கவனித்து எழுத வேண்டியிருக்கிறது. 1956-இல் எல்லை மாறும் வரை செங்கோட்டையும் மலைக்கு அப்பாலுள்ள ஊர்களும் ஒரே மாநிலம். கொள்வினை கொடுப்பினை இன்றும் இருபுறமும் உண்டு. செங்கோட்டையில் பாட்டி வீட்டு முகவரியைத் தரும் பிள்ளை, முந்தின வாரம் முழுவதும் கொல்லம் மாவட்டத்தில் இருந்திருக்கலாம். முகவரியோடு, சளி பிடித்தபோது பிள்ளை எங்கே இருந்தது என்பதையும் கேட்டு எழுதுகிறேன்.

இப்போது பணி மாறும்போது, அடுத்து வரும் சகோதரியிடம் நான் முதலில் சொல்வது, அந்தத் தேதி இன்னும் எழுதப்படாத கட்டில்களின் எண்களைத்தான்.