பச்சைப் பாலும் டின் பாலும்

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பால் பேச்சு தொடங்கிவிடும். இந்த முறை சித்தப்பா ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார். காய்ச்சாத ஆட்டுப் பாலை வெறும் வயிற்றில் குடித்தால் ஆஸ்துமா போகுமாம், எலும்பு பலப்படுமாம், காய்ச்சினால் சத்தெல்லாம் செத்துவிடுமாம். கீழே நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். சித்தப்பாவிடம் போனில் பேசிவிட்டேன். ஆனால் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதை நம்புகிறார்களே என்ற வருத்தம் போகவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏனென்றால் இது நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. பினாங்கில் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, கடும் சோர்வு, ஓயாத வியர்வை என்று மருத்துவமனைக்கு வந்தார். டெங்கி இல்லை, மலேரியா இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று லேப்பில் வைத்துப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. காய்ச்சாத ஆட்டுப் பாலைக் குடிப்பதாகவும் அதையே விற்பதாகவும் அவர் சொன்ன பிறகுதான் மருத்துவர்களுக்குப் பொறி தட்டியது. புருசெல்லா என்ற கிருமி. அடுத்த ஓராண்டில் அந்தப் பண்ணையின் பாலைக் குடித்த 79 பேருக்கு அதே நோய் உறுதியானது. 2015-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இதன் முழு விவரமும் வெளிவந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று கண்டுபிடிக்கச் சராசரியாக 53 நாள், ஒருவருக்கு 210 நாள் ஆகியிருக்கிறது. பெரும்பாலானோர் ஆறு வாரம் இரண்டு வகை ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது.

பாலைக் கண்ணால்கூடப் பார்க்காத நான்கு லேப் ஊழியர்களுக்கும் அந்த நோய் வந்தது. நோயாளிகளின் ரத்த மாதிரிகளைக் கையாண்டதால் தொற்றியிருக்கும் என்றுதான் கருதப்பட்டது. நான் லேப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாரோ நல்லதென்று நினைத்துக் குடித்த பால், முகம் தெரியாத ஒரு லேப் பெண்ணைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிடுகிறது. ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

சத்து போய்விடும் என்ற பயத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருந்தாலே இந்தக் கிருமி செத்துவிடும். அடுப்பில் ஒரு பொங்கு பொங்கிவிட்டால் அதற்கும் மேல். சில பி வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். கால்சியமும் புரதமும் எங்கேயும் போகாது. வீட்டு வாசலில் மாட்டுக்காரர் பசும்பால் ஊற்றிவிட்டுப் போன காலத்தில் நம் அம்மாக்கள் யாராவது அதைக் காய்ச்சாமல் கொடுத்தார்களா? பால் பொங்குவதைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் நாம்.

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்குகிறவர்கள் மணிக்கணக்கில் வெயிலில் நடக்கிறார்கள். நானும் தூக்கியிருக்கிறேன், மறுபடியும் தூக்குவேன். ஆனால் இந்தச் சூட்டில் அத்தனை நேரம் இருந்த பால், பாக்கெட் பாலாகவே இருந்தாலும், குடிப்பதற்கு ஏற்றதல்ல. அபிஷேகப் பாலைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அப்புறம், பசும்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப் பாலுக்கு மாறலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஆட்டுப் பாலிலும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது, பசும்பாலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டுப் பாலும் ஒத்துக்கொள்ளாது. மாற்றிப் பார்ப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி டின் பால், அதாவது தேநீரில் ஊற்றும் இனிப்பான டின் கெட்டிப்பால். பச்சைப் பால் குடிப்பவர்கள் சிலர்தான். டின் பால் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் டின்களில் பெரும்பாலானவை கிரீமர். கெட்டிப்பால்கூட அல்ல. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை, செம்பனை எண்ணெய், அதோடு கொஞ்சம் பால் திடப்பொருள். அசல் கெட்டிப்பாலிலேயே பாதிக்கு மேல் சர்க்கரைதான். கிரீமரில் இனிப்பும் குறையவில்லை, பாலும் கொஞ்சம்தான். ‘தினமும் மூன்று தே தாரிக் (டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்) குடிக்கிறேனே, எனக்கெதற்குத் தனியாகப் பால்?’ என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்று கிளாஸிலிருந்து கிடைக்கும் கால்சியத்தை நம்பாதீர்கள். சர்க்கரையோ, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு இதற்குள் இருந்தால் நல்லதென்று சொல்லும் 25 கிராமை இரண்டாவது கிளாஸிலேயே தாண்டிவிடலாம்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதே ஆண்டு ஜூலையில் வந்த சர்க்கரை வரி, பாட்டிலிலும் பெட்டியிலும் விற்கும் பானங்களுக்குத்தான். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ஆற்றித் தரும் கிளாஸுக்கு அது கிடையாது. அங்கே நாம்தான் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கைக்குழந்தைக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. இந்தச் சண்டை இந்த மண்ணில் மிகப் பழையது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். கெட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விளம்பரம் செய்ததால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று, பால் வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு சபையில் அந்த அம்மா சொன்னார். 1986-இல் அந்த உரையை மறுபடி அச்சிட்டு வெளியிட்டது, அப்போது பினாங்கில் இயங்கிய அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பு. நம் ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று இது.

சரி, பால் குடிப்பதா வேண்டாமா? எங்கள் அம்மாவுக்கு எழுபதுக்கு மேல், எலும்பு தேய்ந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது மலேசியப் பரிந்துரை. ஒரு கிளாஸ் பாலில் ஏறக்குறைய 300 கிடைக்கும். ஆனால் அம்மாவுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிவிடும். வயதாக ஆக லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவது உலகில் பெரும்பாலானோருக்கு இயல்பு, அது நோயல்ல. அதனால் நான் தயிராகக் கொடுக்கிறேன். உறையும்போது தயிரிலுள்ள நல்ல கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கால்சியம் அப்படியே இருக்கும். மதியம் தயிர் சாதம், தொட்டுக்கொள்ள முள்ளோடு வறுத்த நெத்திலி. நெத்திலியை நன்றாக அலசி உப்பைப் போக்கிவிடுவேன். சில நாள் தௌஃபூ என்ற சோயாக் கட்டி, சில நாள் கைலான் கீரை. நெய் ஆசைக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். அதில் கால்சியம் இல்லை, கொழுப்புதான்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பாலிலுள்ள கால்சியம் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. அம்மா காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிடுவார். கால்சியம் மாத்திரை நான்கு மணி நேரம் கழித்து, தயிர் மதியம்தான். காலைத் தேநீர் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், சர்க்கரை இல்லாமல். முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.